மூச்சு அளக்கும் காலம்



மார்கழி பிறந்துவிட்டால், தமிழ்நாட்டை விட்டு வெளியே வாழும் நம்மில் பலருக்கு உள்ளத்தில் ஒரு குறை தோன்றுவது இயல்பு. சென்னையில் சபாக்கள் நிறைந்திருக்கும். நாமோ தில்லிக் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அலுவலகக் கோப்புகளோடு பொழுதைக் கழித்துக்கொண்டிருப்போம். அத்தகைய ஒரு மார்கழி மாலையில், நண்பர் ஒருவர் கொடுத்த அனுமதிச் சீட்டு இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு, மேலைநாட்டுக் குழலிசை நிகழ்ச்சி ஒன்றுக்குச் சென்றேன். என்னுடன் வந்தவர் எங்கள் குடியிருப்பில் வாழும் ஒரு முதியவர். தஞ்சை மாவட்டத்துக்காரர், ரயில்வே கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், இளமையில் மிருதங்கம் பயின்றவர். தாளம் என்றால் அவருக்கு உயிர்.

மேடையில் ஐவர் அமர்ந்தனர். நடுவே நின்று கைவீசி நடத்துவோர் எவரும் இல்லை. பக்கத்தில் மத்தளமும் இல்லை. ஐவரும் ஒருவரையொருவர் பார்த்தனர், ஒரே நேரத்தில் மூச்சை உள்ளிழுத்தனர், இசை தொடங்கிற்று. சிறிது நேரம் கேட்டபின் பெரியவர் என் காதோடு, "என்ன தம்பி, இவர்கள் தாளத்தை எங்கே வைத்துவிட்டு வந்தார்கள்?" என்றார். அவருடைய வலக்கை தொடைமீது எதையோ தேடிக்கொண்டே இருந்தது.

அந்தக் கேள்விக்கு அன்று எனக்கு விடை தெரியவில்லை. பின்னர் படித்தும் கேட்டும் நான் அறிந்துகொண்டவற்றையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். நான் இசைவாணன் அல்லன். மத்திய அரசின் மொழிபெயர்ப்பாளன். ஒரு மொழியின் பொருளை மற்றொரு மொழியின் செவிக்கு ஏற்றவாறு கொண்டு சேர்ப்பதே என் தொழில். இந்தப் பேச்சையும் அவ்வாறான ஒரு மொழிபெயர்ப்பு முயற்சியாகவே கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

முதற்கண், பெயரிலேயே ஓர் இடர்ப்பாடு. மேலைநாட்டார் 'சேம்பர் மியூசிக்' என்று வழங்குவதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'அறை இசை' என்றாகும். தமிழில் அறை என்பதற்குக் கன்னத்தில் விழும் பொருளும் உண்டு ஆதலால், அதனைக் 'கூடத்து இசை' என்றே நான் சொல்லப் போகிறேன். நம் வீட்டுக் கூடத்தில் நாலைந்து பேர் கூடி அமர்ந்து பாடுவதைப் போன்ற இசை அது. பெரிய வாத்திய கோஷ்டியில் ஒரே பகுதியைப் பத்துப் பேர் சேர்ந்து வாசிப்பதுண்டு. கூடத்து இசையிலோ ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவரே பொறுப்பு. ஒருவர் தவறினால் அந்த இடம் வெறுமையாகிவிடும். அவருக்குத் துணை இல்லை.

இந்த வகையில் ஐந்து ஊதுகருவிகள் சேர்ந்த குழு சிறப்பானது. புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸூன், ஹார்ன் என்பன அவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாரிஸ் நகரில் வாழ்ந்த ஆன்டன் ரைக்கா என்பவர் இக்குழுவுக்காக 24 உருப்படிகள் எழுதி, அதற்கு ஒரு நிலையான வடிவம் தந்தார். இவற்றுள் ஓபோவும் பஸூனும் நம் நாகசுரத்தைப் போல இரட்டை நாக்குள்ள சீவாளியால் ஒலிப்பவை. கிளாரினெட்டுக்கு நாக்கு ஒன்றே. அதனை நாம் நன்கு அறிவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சதிர்க் கச்சேரிகளில் புகுந்து, பின்னர் ஏ. கே. சி. நடராஜன் போன்றோர் கையில் முழுக் கச்சேரிக் கருவியாக உயர்ந்தது அது.

இந்த ஐந்தும் ஒரு குடும்பம் போலத் தோன்றினும், மூச்சைச் செலவிடும் வகையில் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டவை. புல்லாங்குழல் வாசிப்பவர் காற்றை மிகுதியாகச் செலவழிக்கிறார். துளையின் விளிம்பில் மோதும் காற்றில் ஒரு பங்கு வெளியே சென்றுவிடுகிறது. ஓபோவிலோ சீவாளியின் இடுக்கு மிகக் குறுகியது. மிகச் சிறிதளவு காற்றே உள்ளே செல்லும். ஆகையால் ஓபோ வாசிப்பவருக்கு மூச்சுப் போதாமை அன்று துன்பம். உள்ளே தேங்கிய பழைய மூச்சை வெளியே விடுவதற்கு இடம் கிடைக்காமையே துன்பம். ஹார்ன் ஏறத்தாழ மூன்றே முக்கால் மீட்டர் நீளமுள்ள குழாயைச் சுருளாக வளைத்துச் செய்தது. அதன் வாய் பின்புறம் நோக்கியிருப்பதால், ஒலி சுவரில் பட்டுத் திரும்பியே அவையினரை அடைகிறது. இத்தகைய ஐந்து கருவிகள் ஒரு நொடியும் பிசகாமல் ஒன்றாகத் தொடங்க வேண்டுமானால், வழி ஒன்றுதான் உண்டு. ஒருவர் மூச்சை மற்றவர் பார்க்க வேண்டும். தொடங்குமுன் தலைமைக் கலைஞர் எவ்வளவு விரைவாக மூச்சை இழுக்கிறாரோ, அதுவே காலப்பிரமாணம். நம் பெரியவர் தேடிய தாளம் அந்த மூச்சில்தான் இருந்தது.

நம் இசையில் தாளம் கண்ணுக்குத் தெரியும் பொருள். பாடகர் கை போடுகிறார்; அவையினரும் போடுகிறார்கள். தட்டும் வீச்சும் விரல் எண்ணிக்கையும் அனைவருக்கும் பொதுச்சொத்து. மேலை இசையில் கலைஞர் தாளை நோக்கி வாசிக்கிறார். அத்தாளில் கோடுகளால் பிரிக்கப்பட்ட கட்டங்களே அவருக்கு வழிகாட்டி. இரண்டு, மூன்று, நான்கு எனச் சீரான எண்ணிக்கையில் அந்தக் கட்டங்கள் நெடுங்காலம் அமைந்துவந்தன. இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் அவ்வொழுங்கு ஆட்டம் கண்டது.

இம்மாற்றத்திற்குப் பெருங்காரணமானவர் ருஷ்ய நாட்டில் பிறந்த இகோர் ஸ்ட்ராவின்ஸ்கி. 1918-ஆம் ஆண்டில் மறைந்த கிளாட் டெபுசி என்னும் பிரெஞ்சு இசைமேதையின் நினைவாக, 1920-இல் ஊதுகருவிகளுக்கென்றே ஓர் உருப்படி எழுதினார். அதில் நரம்புக் கருவி ஒன்றுமில்லை. ஏறத்தாழ இருபத்துமூன்று பேர் சேர்ந்து வாசிப்பதாகையால் அது கூடத்து இசையின் எல்லையைச் சற்றுத் தாண்டியதுதான். ஆயினும் பின்வந்த குழலிசைக்கெல்லாம் அதுவே ஊற்று. அதில் மூன்று காலப்பிரமாணங்கள் வருகின்றன. நிமிடத்துக்கு 72 தட்டு, 108 தட்டு, 144 தட்டு என்பன அவை. இம்மூன்றும் 2, 3, 4 என்னும் விகிதத்தில் அமைந்திருப்பதை உடனே காண்பீர்கள். ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும்போது, இடையே பாலம் எதுவும் இல்லை. வெட்டி ஒட்டினாற்போல் வேகம் மாறுகிறது. ஆயினும் அந்த விகிதம் உள்ளே இருந்து அனைத்தையும் பிணைக்கிறது. சதுசிரத்திலிருந்து திசிரத்துக்குச் சென்று, மறுபடி மேற்காலத்துக்கு ஏறுவதைக் கேட்டுப் பழகிய செவிக்கு இது அவ்வளவு அந்நியமன்று. 1923-இல் பாரிஸில் அரங்கேறிய அவருடைய எண்மர் உருப்படியில், புல்லாங்குழல், கிளாரினெட், இரண்டு பஸூன், இரண்டு டிரம்பெட், இரண்டு டிராம்போன் ஆகிய எட்டும் இந்த அறிவார்ந்த கணக்கை மேலும் நுட்பமாகக் கையாண்டன.

அன்று மாலை தில்லியில் நாங்கள் கேட்டது ஹங்கேரி நாட்டின் இசைமரபில் வளர்ந்த கியார்கி லிகெட்டியின் ஆறு சிற்றுருப்படிகள். 1923-இல் டிரான்சில்வேனியாவில் பிறந்து 2006-இல் மறைந்தவர் இவர். தந்தையையும் தம்பியையும் நாஜி முகாம்களில் பறிகொடுத்தவர். போருக்குப் பின் புடாபெஸ்ட் நகரில் வாழ்ந்தபோது, பியானோவுக்கு எழுதிய பதினொன்றில் ஆறினை எடுத்து, 1953-இல் ஐந்து ஊதுகருவிகளுக்காகத் திருத்தி அமைத்தார். புதுமை இசையை அரசு ஐயத்துடன் நோக்கிய காலம் அது.

அவற்றுள் மூன்றாவதில், அடியிலே ஏழேழு சுரங்களாக ஒரு சரம் ஓயாது ஓடிக்கொண்டிருக்கிறது. அதனைச் சிறிதும் பொருட்படுத்தாததுபோல மேலே ஒரு பாட்டு நீண்டு செல்கிறது. ஓடும் ஆற்றின் மேல் நின்று மெல்லப் பாடும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். நான்காவது தொடங்கிய சில நொடிகளில் என் பக்கத்தில் இருந்த பெரியவர் நிமிர்ந்தார். தொடைமீது தேடிக்கொண்டிருந்த கை நின்று, விரல்கள் எண்ணத் தொடங்கின. "ஏழு, தம்பி! மிஸ்ரம்! பயல் மிஸ்ரத்தில் ஓடுகிறான்!" என்று, தம்மை மறந்து உரக்கவே சொல்லிவிட்டார். முன்வரிசையில் இருந்தோர் திரும்பிப் பார்த்தனர். ஆனால் கணக்கு சரியே. அந்த உருப்படி ஏழு அட்சரக் கட்டில் அமைந்ததுதான். இந்த ஏழு நம் நாட்டிலிருந்து சென்றதன்று. ஹங்கேரிய இசைமேதை பேலா பார்டோக், கிராமம் கிராமமாகச் சென்று நாட்டுப்பாடல்களைத் திரட்டியவர். இவ்வாறு சமமற்ற பிரிவுகளால் அமைந்த தாளங்களை அவர் 'பல்கேரியத் தாளம்' என்று அழைத்தார். அவர் மரபில் வந்த லிகெட்டி, ஐந்தாம் சிற்றுருப்படியைப் பார்டோக்கின் நினைவுக்கே உரிமையாக்கினார்.

ஆறாவதற்கு ஒரு வரலாறு உண்டு. 1956-இல் புடாபெஸ்டில் இவை அரங்கேறியபோது ஐந்து மட்டுமே வாசிக்கப்பட்டன. நெருங்கிய சுரங்கள் ஒன்றோடொன்று உரசும் ஒலி மிகுதி என்று கருதி, ஆறாவதை நிறுத்திவிட்டனர். அதே ஆண்டு இறுதியில், ஹங்கேரியப் புரட்சி நசுக்கப்பட்டபின், லிகெட்டி எல்லையைக் கடந்து ஆஸ்திரியாவுக்குத் தப்பிச் சென்றார். ஆறும் சேர்ந்து முழுமையாக ஒலித்தது 1969-இல், ஸ்வீடன் நாட்டில். ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் ஓடும் ஓர் உருப்படி, தன் கூட்டத்தோடு சேர்ந்து ஒலிக்கப் பதினாறு ஆண்டுகள் காத்திருந்தது. நாட்டை விட்டு வந்த பின்னர், 1968-இல் இதே ஐந்து கருவிகளுக்கு அவர் எழுதிய பத்து உருப்படிகளில், எண்ணத்தக்க தட்டே சில இடங்களில் மறைந்துவிடுகிறது. ஐந்து குரல்களும் வெவ்வேறு சிறு வேகங்களில் நகர்ந்து, ஒன்றன்மேல் ஒன்று படிந்து, அசையாது நிற்கும் மேகம்போல் ஆகின்றன. அடுத்த உருப்படியிலேயே பொறிகள் தடதடப்பது போன்ற விரைவு வந்துவிடுகிறது. காலம் நிற்பதும் காலம் விரைவதும் ஆகிய இரண்டையும் அவர் அருகருகே வைத்துக் காட்டினார்.

இனி, நம் நாட்டுக்கு உண்மையான தொடர்புள்ள ஒன்றைச் சொல்லுகிறேன். ஒலிவியே மெசியான் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர், 1940-இல் ஜெர்மானியப் படையிடம் சிறைப்பட்டு, கோர்லிட்ஸ் நகரத்தருகே இருந்த போர்க்கைதிகள் முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே கிடைத்த கலைஞர்கள் ஒரு கிளாரினெட்காரர், ஒரு வயலின்காரர், ஒரு செல்லோக்காரர். தாம் பியானோ வாசிப்பதாக வைத்துக்கொண்டு, இந்நால்வருக்கும் எட்டுப் பகுதிகள் கொண்ட உருப்படி ஒன்றை இயற்றினார். 'காலத்தின் முடிவுக்கான நால்வர் இசை' என்பது அதன் பெயர். 1941-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள், கடுங்குளிரில், கைதிகளும் காவலர்களும் கேட்க, அம்முகாமிலேயே அது அரங்கேறியது.

அதன் முதற்பகுதியில் பியானோ வாசிக்கும் தாளம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பதின்மூன்றாம் நூற்றாண்டில் தேவகிரி யாதவர் அவையில் வாழ்ந்த சார்ங்கதேவர், 'சங்கீத ரத்னாகரம்' என்ற பெருநூலில் 120 தேசி தாளங்களைத் தொகுத்து வைத்தார். பிரெஞ்சு மொழியில் வெளிவந்த ஓர் இசைக் கலைக்களஞ்சியத்தில் அந்தப் பட்டியலைக் கண்ட மெசியான், வாழ்நாள் முழுவதும் அதனை விடவில்லை. ராகவர்த்தனம், சந்திரகலா, லட்சுமீசம் என்னும் மூன்று தாளங்களைக் கோத்து, 17 கால அளவுகள் கொண்ட ஒரு தொடரை அவர் அமைத்தார். அதன்மீது 29 சுரக்கூட்டுகள் கொண்ட மற்றொரு தொடரை ஏற்றினார். 17-உம் 29-உம் பகா எண்கள். ஆகவே இரு தொடர்களும் மீண்டும் ஒரே இடத்தில் ஒன்றாகத் தொடங்கவேண்டுமானால் 493 ஒலிகள் கடந்தாக வேண்டும். அவ்வளவு தூரம் செல்வதற்கு முன்பே அந்தப் பகுதி முடிந்துவிடுகிறது. நம் மிருதங்க வித்துவான் எத்தனை ஆவர்த்தம் சுற்றி வந்தாலும் முடிவில் எடுப்புக்கு வந்து சேருவார். அவையினரின் மகிழ்ச்சியும் அங்கேதான். மெசியானின் தொடர்களோ சேருவதே இல்லை. முடிவற்ற காலத்தின் ஒரு துண்டை மட்டும் சாளரத்தின் வழியே நமக்குக் காட்டிவிட்டு, அவர் கதவை மூடிவிடுகிறார். சிறையில் இருந்தவருக்கு அந்தச் சாளரம் எத்துணை அருமையாய் இருந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இதில் எனக்குத் தோன்றுவது ஒன்று. சார்ங்கதேவரின் தாளங்கள் அச்சேறிய குறிகளாகவே மெசியானை அடைந்தன. துருதம், லகு, குரு, புலுதம் என்ற அளவுகள் சென்றன. அவற்றைப் போட்ட கை செல்லவில்லை. அவர் அவற்றைச் சுற்றிச் சுற்றி வரும் ஆவர்த்தமாகக் கொள்ளவில்லை. நீளமும் குறுக்கமுமான கால அளவுகளின் வரிசையாகக் கொண்டார். 'இது தாளமே அன்று' என்று நம்மவர் ஒருவர் குறை கூறக்கூடும். ஆனால் ஒரு சொல் பிறமொழிக்குச் செல்லும்போது பொருளில் ஒரு பங்கு கரையிலேயே தங்கிவிடும் என்பதையும், சென்ற பங்கு சில வேளை புதிய மண்ணில் வேறொரு மரமாகிவிடும் என்பதையும் என் தொழில் எனக்கு நாள்தோறும் கற்பிக்கிறது.

அதே உருப்படியின் மூன்றாம் பகுதி கிளாரினெட் ஒன்றுக்கே உரியது. 'பறவைகளின் பாதாளம்' என்று பெயர். ஒரே சுரம், கேட்டும் கேளாததுமான மென்மையில் தொடங்கி, சிறிது சிறிதாகப் பெருகி, செவி அதிரும் எல்லைவரை செல்லுகிறது. அங்கே எண்ணுவதற்குத் தட்டு இல்லை. வாசிப்பவரின் மார்பில் உள்ள காற்றின் அளவே அந்தக் காலத்தின் அளவு.

இதே உண்மையை ஒரு விதியாகவே எழுதி வைத்தவர் ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன். 1955-56 ஆண்டுகளில் புல்லாங்குழல், ஓபோ, இங்கிலீஷ் ஹார்ன், கிளாரினெட், பஸூன் ஆகிய ஐந்துக்கும் அவர் எழுதிய உருப்படியின் பெயரே 'கால அளவுகள்' என்று பொருள்படும். சில இடங்களில் மெட்ரோனோம் கருவியால் அளக்கத்தக்க வேகம் வேண்டும் என்கிறார். சில இடங்களில், கலைஞர் தம் விரலுக்கு இயன்ற அளவு விரைவாக வாசிக்கவேண்டும். சில இடங்களில், ஒரே மூச்சில் முடிக்கத்தக்க அளவு மெதுவாக வாசிக்கவேண்டும். இன்னும் சில இடங்களில் விரைவிலிருந்து மெதுவுக்கோ, மெதுவிலிருந்து விரைவுக்கோ நகரவேண்டும். ஐவரும் வெவ்வேறு வேகத்தில் ஒரே சமயத்தில் செல்லும் இடங்களும் உண்டு. ஆகவே, கடிகாரம் சொல்லும் காலமும் உடல் சொல்லும் காலமும் ஒரே மேடையில் சந்திக்கின்றன. 'ஒரே மூச்சில்' என்ற கட்டளை இருபது வயது இளைஞருக்கு ஒரு வேகத்தையும், அறுபது வயது முதியவருக்கு வேறொரு வேகத்தையும் தரும். இரண்டும் சரியே.

உடலையே அளவுகோலாகக் கொள்ளுதல் தமிழருக்குப் புதிதன்று. எழுத்தின் ஒலி நிற்கும் காலத்தை மாத்திரை என்று பெயரிட்டு, இயல்பாகக் கண் இமைக்கும் பொழுதாலும் விரல் நொடிக்கும் பொழுதாலும் அதனைத் தொல்காப்பியர் அளந்துவைத்தார். இமைக்கும் வேகம் ஆளுக்கு ஆள் சிறிது வேறுபடும் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா?

அமெரிக்க நாட்டு எலியட் கார்ட்டர், 1908 முதல் 2012 வரை நூறாண்டுக்கு மேல் வாழ்ந்தவர். அவர் 1949-50-இல் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸூன் ஆகிய நான்குக்கும் எட்டுப் பயிற்சிகளும் ஒரு கற்பனை உருப்படியும் எழுதினார். ஏழாம் பயிற்சியில் நான்கு கருவிகளும் ஒரே சுரத்தை மட்டுமே வாசிக்கின்றன. ராகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. எது எப்போது தொடங்குகிறது, எது எப்போது அடங்குகிறது, எது மெல்லெனப் பிறக்கிறது, எது வெடுக்கெனத் தெறிக்கிறது என்பதுவே இசை. கார்ட்டர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் மற்றொரு முறை, ஒரு வேகத்திலிருந்து மற்றொன்றுக்குப் படி வைத்து மாறுவது. நாம் ஆதி தாளத்தைச் சதுசிர நடையில் போட்டுக்கொண்டே திசிர நடைக்கு மாறும்போது கை மாறுவதில்லை. உள்ளிருக்கும் எண்ணிக்கைதான் மாறுகிறது. கார்ட்டரோ, அவ்வாறு உள்ளே பிறந்த புதிய எண்ணிக்கையையே அடுத்த நொடியில் கையாக்கிவிடுகிறார். பழைய தட்டு மறைந்து, புதிய தட்டு தரையாகிறது. நாம் நிற்கும் படியே நகர்ந்துவிடுவது போன்ற உணர்ச்சி அது. ஊர்விட்டு ஊர் மாறி, முதலில் அந்நியமாய் இருந்த நகரம் ஒரு நாள் சொந்த ஊர்போல் ஆகிவிடும் அனுபவம் உடைய நேயர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

கட்டுகளை அவிழ்ப்பதில் ஓர் இடர் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். இத்தாலிய நாட்டு லூசியானோ பெரியோ, 1958-இல் தனிப் புல்லாங்குழலுக்கு ஓர் உருப்படி எழுதியபோது, கட்டக் கோடுகளையும் வழக்கமான கால அளவுக் குறிகளையும் நீக்கிவிட்டு, தாளில் சுரங்களுக்கு இடையே உள்ள தூரமே காலம் என்று விட்டுவிட்டார். வாசித்தவர்கள் அந்த உரிமையை அளவுக்கு மேல் எடுத்துக்கொண்டனர் என்பது அவருக்கு வருத்தம். முப்பத்துநான்கு ஆண்டுகள் கழித்து, 1992-இல் அதனை வழக்கமான குறிகளில் திரும்ப எழுதி வெளியிட்டார். வெளியே கட்டு இல்லாத இடத்தில் உள்ளத்தில் கட்டு வேண்டும் என்பதே அவர் கண்ட பாடம் என நினைக்கிறேன்.

நேயர்களே, இதுவரை சொன்னது படித்தும் கேட்டும் அறிந்தது. இறுதியாக, வீட்டில் கண்ட ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

என் தந்தையார் ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். மாலை வேளையில் திண்ணையில் அமர்ந்து புல்லாங்குழல் வாசிப்பார். கச்சேரி செய்யும் அளவு வித்தை இல்லை. ஆனால் தாளத்தில் மிகக் கண்டிப்பானவர். முதுமையில் நுரையீரல் நோய் வந்து மூச்சு குறுகிற்று. ஆண்டு விடுமுறையில் ஊருக்குச் சென்ற நான், அவர் வாசிப்பதைக் கேட்டுத் திகைத்தேன். பல்லவியின் முதற்பாதியை வாசிப்பார். பிறகு குழலை இறக்கி மடியில் வைத்துவிட்டு, ஒலியே இல்லாமல் தொடைமீது கைபோட்டுக்கொண்டிருப்பார். அடுத்த எடுப்பு வந்ததும் குழலை உயர்த்தி, இம்மியும் பிசகாமல் தொடங்குவார். எனக்கு அது சோர்வாகவே பட்டது. "ஏன் அப்பா இவ்வளவு சிரமம்? மூச்சு முட்டாமல், சிறிய துக்கடா ஏதாவது வேகமாக வாசித்துவிட்டு எழுந்துவிடக் கூடாதா?" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "காலத்தை மாற்றினால் பாட்டு மாறிவிடும்டா. எனக்கு மூச்சு இல்லாத இடத்தைத் தாளம் பார்த்துக்கொள்ளும்" என்றார். நான் மேலும் வற்புறுத்தினேன். சில நாளில் அவர் குழலை உறையிலிட்டு வைத்துவிட்டார். என் பேச்சால்தானோ, உடல்நிலையால்தானோ, நான் கேட்கவில்லை. மறு ஆண்டு விடுமுறைக்கு நான் சென்றபோது, கேட்பதற்கு அவர் இல்லை.

தில்லி மண்டபத்தில் அந்த ஐவரும் வாசித்துக்கொண்டிருக்கையில், ஓரிடத்தில் ஓபோ வாசித்தவர் கருவியை உதட்டிலிருந்து எடுத்துவிட்டார். மற்றவர்கள் வாசித்துக்கொண்டிருந்தனர். அவர் தேங்கியிருந்த மூச்சை வெளியே விட்டு, புதிய மூச்சை இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். அவருடைய காலின் பெருவிரல் மட்டும் காலணிக்குள் அசைந்துகொண்டிருந்தது. பிறகு தம் இடம் வந்ததும் உள்ளே நுழைந்தார். அந்தச் சில நொடிகளும் இசையில் சேர்ந்தவையே. அவர் ஒலிக்காமல் வாசித்த நொடிகள். என் தந்தை திண்ணையில் செய்துகொண்டிருந்தது அதுதான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. அவர் வாசிக்க இயலாமல் நின்றவர் அல்லர். அந்த இடத்தையும் வாசித்துக்கொண்டிருந்தவர். அதனைக் கேட்கும் செவி அன்று எனக்கு இல்லாமற் போயிற்று.

ஆகவே நேயர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவே. நீங்கள் பம்பாயிலோ கல்கத்தாவிலோ தில்லியிலோ வாழலாம். இத்தகைய இசை உங்கள் நகரத்தில் நடக்குமானால், 'நமக்குப் புரியாது' என்று ஒதுக்கிவிடாமல் ஒரு முறை சென்று கேளுங்கள். ராகத்தைத் தேடி ஏமாற வேண்டாம். கையைத் தொடைமீது வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை கிடைத்தால் எண்ணுங்கள். கிடைக்காவிட்டால், வாசிப்பவரின் தோளைப் பாருங்கள். அது உயர்வதும் தாழ்வதும் உங்களுக்குக் காலத்தைச் சொல்லும். நம் தாள அறிவு மற்றவர் இசையைத் தாழ்த்திப் பேசுவதற்கு ஒரு கோலாக ஆகிவிடக்கூடாது. அவர்கள் வீட்டுக் கதவைத் திறக்கும் திறவுகோலாக ஆகட்டும்.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்ததும், பெரியவர் பனிமூட்டத்தில் சிறிது தூரம் பேசாமல் நடந்தார். பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது, "தம்பி, அந்த ஏழு இன்னும் விடமாட்டேன் என்கிறது" என்றார். கம்பளிக்குள் அவர் கை எண்ணிக்கொண்டிருந்தது. பேருந்து வரும்வரை நானும் அவரோடு சேர்ந்து எண்ணினேன்.